ஒரு குப்பிக்குப் பத்துப் பேர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற சின்ன ஆளும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. கால் வீக்கம் குறைந்ததா? உட்கார்ந்து வேலை பார்க்கும்போது காலைத் தொங்கப் போடாதே, முக்காலி இல்லாவிட்டால் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாவது தூக்கி வை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு நான் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் திருத்தம் சொல்கிறார், கடிதத்துக்குள் அவரால் தலையை நீட்ட முடியாது. தையல் மெஷின் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். அவர் அடுத்த அறையில் இருக்கிறார், நான் திரைச்சீலை தைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நடுநடுவே பெடலை ஒரு மிதி மிதித்துச் சத்தம் காட்டிக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தையைத் தூக்க வருகிறவர்கள் எல்லோரும் பூஸ்டர் ஊசி போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்று நீ சொன்ன மறுநாளே அப்பா உன்னிடம் போட்டாச்சு என்று சொன்னாரே, அது பச்சைப் பொய். வீடியோவில் காட்டினாரே ஒரு பிளாஸ்திரி, அது செருப்புக் கடித்ததற்கு வாங்கி வைத்தது. அடுத்த முறை நீ கூப்பிட்டபோது அதையே மறுகையில் ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், நீயும் கவனித்துவிட்டு, போன தடவை வலது கையில இருந்துச்சே என்று கேட்டாய், மருந்து உடம்பு முழுக்கச் சுத்தும்லம்மா என்றார் மனிதர். நீ சிரித்துவிட்டு விட்டுவிட்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், உயரமான கட்டிடங்களின் லிஃப்ட் குழிக்குள் ஒற்றைக் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே சாப்பிட்டவர், ஊசி என்றால் மட்டும் அந்தரத்தில் நிற்கிறார். நான் அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தால்கூட சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். முதல் இரண்டு ஊசியையும் வேலை பார்த்த இடத்துக்கே கொண்டுவந்து போட்டதால் மேனேஜர் மடியில் தலை வைத்துப் போட்டுக்கொண்டார். இப்போது ஓய்வு பெற்றாயிற்று, மடிக்கு எங்கே போவது. நானும் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை, நான் மட்டும் போய்ப் போட்டுக்கொண்டால் வீட்டுக்கு ஒருத்தர் போட்டாப் போதும் என்று அதையே சாக்காக வைத்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். கடைசியில் ஒருநாள், நீங்களா வர்றீங்களா இல்ல நான் அவகிட்ட உண்மையச் சொல்லவா என்று கேட்டேன். கிளம்பினார். இரண்டு முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு. வெங்காயம் உரிப்பது மாதிரி உரித்து முடிப்பதற்குள் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிடுவார்கள் என்று கணக்கு.

ஆஸ்பத்திரியில் இல்லை, நூலகத்தில் சிறுவர் பகுதியைக் காலி செய்து அங்கேதான் ஊசி போடுகிறார்கள். நாற்காலியெல்லாம் முழங்கால் உயரம். நாங்கள் போனபோது பெரிய பெரிய ஆட்கள் ஐந்து பேர் முகவாயில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ரொட்டிக்கடைக்காரர், ஒரு டாக்ஸி டிரைவர், ஒரு பாட்டு டீச்சர், எதற்கெடுத்தாலும் சண்டை போட்டுக்கொள்கிற அக்கா தங்கை இரண்டு பேர். நர்ஸம்மா சிரிக்கிற ஜாதி இல்லை. எங்களையும் சேர்த்து விரலால் எண்ணிவிட்டு, ஏழு பேருதான் இருக்கீங்க, ஒரு குப்பியத் திறந்தா பத்துப் பேருக்குப் போட்டாகணும், மிச்சம் ஆனாக் கொட்டணும், பத்துப் பேர் சேராம நான் திறக்க மாட்டேன் என்றார். அப்பாவின் முகத்தில் விளக்கெரிந்தது. கரெக்டுங்க, மருந்த வீணாக்கறது பாவம், நாங்க இன்னொரு நாள் வர்றோம் என்று எழுந்தே விட்டார், அந்தக் குட்டி நாற்காலியும் இடுப்போடு ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்தது. அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் டாக்ஸி டிரைவர், கொஞ்சம் இருங்க, என் வண்டியில ஒருத்தர் உக்காந்திருக்காரு என்று வெளியே ஓடினார். ரயிலுக்குப் போக வேண்டிய பயணியாம், அஞ்சு நிமிஷம் என்று சொல்லி அவரை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பயணி பெட்டியும் கையுமாக உள்ளே வந்து, எப்படியும் ரயில் போயிருக்கும், நானும் போட்டுக்கறேன் என்று உட்கார்ந்தார். எட்டு. நூலகத்துக்குப் பார்சல் கொடுக்க வந்த கூரியர்காரரைக் கையெழுத்துப் போடுகிற சாக்கில் பாட்டு டீச்சர் பிடித்து வைத்துக்கொண்டார். ஒன்பது. ஆள் சேரச் சேர அப்பா நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது.

இன்னும் ஒரே ஒருவர்தான் வேண்டும். நான் போய்க் கூட்டிட்டு வர்றேன் என்று அப்பா வாசலுக்குப் பாய்ந்தார், நான் கோட்டைப் பிடித்து இழுத்தேன். ரொட்டிக்கடைக்காரர், அவரு போனா திரும்ப மாட்டாரு, நான் போறேன் என்றார். அடுப்புல ரொட்டி இருக்குன்னு சொன்னீங்க, நீங்களும் திரும்ப மாட்டீங்க என்றாள் அக்கா. நீ மட்டும் ரொம்ப ஒழுங்கு என்றாள் தங்கை. ஒருவரை ஒருவர் நம்பாமல் கடைசியில் ஒன்பது பேரும் சேர்ந்தே தெருவில் இறங்கினோம். ஊசிக்குத் தயாராக அப்பாவைத் தவிர எல்லோரும் ஒரு கைச் சட்டையைச் சுருட்டி விட்டிருந்ததால் யாரோடோ சண்டைக்குக் கிளம்பிய கும்பல் மாதிரி இருந்திருக்கும், எதிரே வந்தவர்கள் எல்லாம் அடுத்த பக்க நடைபாதைக்கு மாறிப் போனார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்ற எல்லோரும் ஏற்கெனவே போட்டவர்கள். சலவைக்கடைக்காரர் போன வாரம் போட்டுக்கொண்டாராம், ஆனாலும் அங்க ஊசி போட்டதும் குடுத்த பிஸ்கட் நல்லா இருந்துச்சு, மறுபடி வேணா வர்றேன் என்று எங்களோடு சேர்ந்துகொண்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை, நாங்கள் பத்துப் பேராகி விட்டோம், ஆனால் உபயோகமான ஆள் ஒன்பதுதான்.

தெருமுனையில் திரும்பினால் சாவிக்கடை, உன் பெரியப்பா கடை. அப்பா நின்றுவிட்டார். வேற பக்கம் பாக்கலாம் என்றார் என் காதில். அண்ணனும் தம்பியும் பேசாமல் இருப்பது உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீ இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டுவாய் என்பதால் எழுதி வைக்கிறேன். அப்பா வேலை பார்த்துக்கொண்டிருந்த கட்டிடத்தில் பெரியப்பா ஒருநாள் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். அப்பா வெளியே நின்று திறக்கப் பாடுபடுகிறார், பெரியப்பா உள்ளே இருந்துகொண்டு இப்படித் திருகு, அப்படி நெம்பு, பூட்டுல உனக்கு என்ன தெரியும் என்று ஓயாமல் யோசனை சொல்கிறார். அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கொஞ்ச நேரம் வாய மூடு என்று கத்தியிருக்கிறார். பெரியப்பா மூடினார். கதவு திறந்த பிறகும் திறக்கவில்லை. ஆறு வருஷம் ஆகிறது, நல்லது கெட்டது எதற்கும் பேச்சு இல்லை, பெரியம்மாவும் நானும்தான் காய்கறிக் கடையில் பார்த்தால் ரகசியமாகப் பேசிக்கொள்வோம்.

இதெல்லாம் தெரியாத ரொட்டிக்கடைக்காரர் நேரே கடைக்குள் போய், அண்ணாச்சி, பூஸ்டர் போட்டாச்சா என்று கேட்டுவிட்டார். பெரியப்பா உங்கள் எல்லோரையும் விட நான் முந்தி என்கிற மாதிரி தோளைத் திருப்பிக் காட்டினார். பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. சட்டைக்கு மேலே. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அப்பா குரல் மட்டும் வந்தது, அண்ணே, சட்ட மேலயாண்ணே ஒட்டுவாங்க. பெரியப்பா தலையை நிமிர்த்தி அப்பாவை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார், ஸ்வெட்டரையும் கோட்டையும் பார்த்தார். நீ உள்ள எத்தன சட்ட போட்டிருக்க என்றார். ரெண்டு என்றார் அப்பா. ஆறு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு, எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, சலவைக்கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு நடந்தது பேரம். அவன் முதல்ல போட்டுக்கட்டும், நான் வர்றேன் என்றார் பெரியப்பா. மூத்தவர் இருக்கறப்ப நான் எப்படி முந்தறது என்றார் அப்பா. கல்யாணமான நாளிலிருந்து அவர் அண்ணனுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள், ஊசிக்கு அஞ்சக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. இப்படியே நீங்க முதல்ல, நீ முதல்ல என்று நூலகம் வரை வந்து சேர்ந்தார்கள். யாரோ போய்ச் சொல்லி, நம்ப முடியாமல் பெரியம்மாவும் பின்னாலேயே ஓடி வந்துவிட்டாள். அவளும் என்னைப் போலத்தான், புருஷன் போட்டுக்கொள்ளட்டும் என்று போடாமல் காத்திருந்தவள். இப்போது பதினோரு பேர். பெரியப்பா அதை உடனே பிடித்துக்கொண்டார், அவ போடாம நான் மட்டும் எப்படிப் போடறது, ஒருத்தர் அதிகமா இருக்கு, நான் எழுந்துக்கறேன் என்றார். அண்ணன் எழுந்தால் தம்பி உட்கார்ந்திருப்பாரா. நான் பெரியம்மாவை என் நாற்காலியில் பிடித்து உட்கார வைத்து, என்னை எண்ணாதீங்க சிஸ்டர், திறங்க என்றேன்.

நான் அப்பாவைக் கோட்டிலிருந்து சட்டை வரை உரித்து முடித்ததும், நர்ஸம்மா இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, கண்ண மூடுங்க, நான் சொல்றப்பதான் திறக்கணும் என்றார். இரண்டு பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் நசுக்கிய நசுக்கில், பஞ்சால் துடைத்ததும் தெரியவில்லை, ஊசி இறங்கி ஏறியதும் தெரியவில்லை. கண் இமைக்கிற நேரத்தில் இரண்டு தோளும் முடிந்துவிட்டது. நர்ஸம்மா உதட்டில் விரல் வைத்து எங்களைப் பார்த்தார், பிறகு சத்தமில்லாமல் மற்றவர்களுக்குப் போட ஆரம்பித்தார். ஒரு வேளை பயத்தில் மயங்கி விழுந்துவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. இவர்கள் வரப்போகிற ஊசிக்காகக் கண்ணை மூடியபடியே காத்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு சும்மா எவ்வளவு நேரம் இருப்பது, பேச ஆரம்பித்தார்கள். பெரியப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். அன்னைக்கு லிஃப்டுக்குள்ள ஒரே இருட்டுடா, மூச்சு முட்டுச்சு, பேச்ச நிறுத்தினா செத்துருவேன்னு தோணுச்சு, அதான் பேசிக்கிட்டே இருந்தேன் என்றார். அப்பா அண்ணன் கையை இன்னொரு நசுக்கு நசுக்கினார். அப்புறம், எனக்குக் கை நடுங்கிக்கிட்டு இருந்துச்சுண்ணே, லிஃப்டுப் பெட்டி எந்தக் கொக்கியில நிக்குதுன்னு வெளிய இருந்து தெரியல, அறுந்து விழுந்துருமோன்னு பயம், உன் குரல் கேக்கக் கேக்க இன்னும் நடுங்குச்சு, அதான் கத்திட்டேன் என்றார். சண்டைக்கார அக்கா தங்கை இரண்டு பேரும் மூக்கைச் சிந்தினார்கள். ரொட்டிக்கடைக்காரர் ரொட்டி கருகுவதையும் மறந்து நின்றார். அந்த ரயில் பயணி என் பக்கம் குனிந்து, யாருங்க இவங்க என்று மெல்லக் கேட்டார், நான் எங்க வீட்டு ஆளுங்கதான் என்றேன்.

எல்லோருக்கும் போட்டு முடித்துவிட்டு நர்ஸம்மா, கண்ணத் திறக்கலாம், நீங்க போகலாம் என்றார். அங்கேதான் கூத்து. இன்னும் போடலையே என்றார் அப்பா. போட்டாச்சு என்று நர்ஸம்மா காலிக் குப்பியைக் காட்டினார். தீந்து போச்சா, அப்ப எங்களுக்கு என்று பெரியப்பா எழுந்து நின்றார். நாங்கதான முதல்ல உக்காந்தோம், எங்கள ஏமாத்தி யாருக்குப் போட்டீங்க என்று அப்பா சலவைக்கடைக்காரரை முறைத்தார், அவர் வாயில் பிஸ்கட் வேறு. எட்டுப் பேர் சத்தியம் செய்தும் நம்பவில்லை. ஊசியைக் கண்டால் ஓடுகிற இரண்டு பேரும் எங்களுக்கு ஊசி போடுங்க என்று நூலகத்தில் சத்தம் போட்டதில், எல்லோரும் வெளியே அனுப்பப்பட்டோம். மறுநாள் காலையில் கையைத் தூக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்த அப்பா, ஏய், போட்டிருக்காங்கடி என்று பெரிய பரிசு விழுந்த மாதிரி சொல்லிவிட்டு, அண்ணனுக்கும் வலிக்கிறதா என்று பார்க்கப் பல்கூடத் தேய்க்காமல் சாவிக்கடைக்கு ஓடினார்.

இப்போது பார், வீட்டில் போடாதவள் நான் ஒருத்திதான். நான் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. அண்ணனும் தம்பியும் தாங்களாகவே எனக்கு ஒன்பது ஆள் சேர்க்கக் கிளம்பிவிட்டார்கள். பெரியப்பா சாவி வெட்டக் கொடுத்தவர்களிடம், ஊசி போட்டுட்டு வாங்க, சாவி தர்றேன் என்று நான்கு வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டாராம், நான் போய்ச் சத்தம் போட்டு வாங்கிக் கொடுத்தேன். அதில் இரண்டு பேர் பரிதாபப்பட்டுத் தாங்களாகவே வருகிறேன் என்றார்கள். அப்பா பழைய கட்டிடத்து லிஃப்டில் மேலும் கீழும் போய் வந்து, ஏறினவர்களிடம் எல்லாம், தெரியவே தெரியாதுங்க, நான் போடலைன்னு சண்டையே போட்டிருக்கேன் என்று சொல்லிச் சொல்லி ஏழு பேரைப் பிடித்தார். நேற்று என்னையும் சேர்த்துப் பத்துப் பேர். நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டதும் அப்பாவும் கூடவே வந்து பக்கத்துக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார், பயம் அவருக்குத்தான். நாளெல்லாம் ஊசியோடு இருக்கிறவள் நான், எனக்கு என்ன பயம். ஆனாலும் கையை எடுத்துக்கொள்ளவில்லை, போட்டு முடித்த பிறகும் அவர் கண் திறக்கிறவரை சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா அடுத்த முறை போனில் தான் எவ்வளவு தைரியமாகப் போட்டுக்கொண்டேன் என்று சொல்வார், புதிதாகக் கேட்பது மாதிரிக் கேட்டுக்கொள். இரும்பு மாத்திரையை மறக்காதே, வெறும் வயிற்றில் போடாதே. தலைப்பிரசவம், நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து எழுந்திரு, தாயும் பிள்ளையுமாக நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பையும் ஆசியையும் சொல். நாங்கள் வந்து இறங்கியதும் குழந்தையை யார் முதலில் தூக்குவது என்று இங்கே சண்டை வரும்போல இருக்கிறது, நீ யார் பக்கமும் சேராமல் என் கையில் கொடுத்துவிடு.

என்றும் உன் நலத்தையே நினைத்திருக்கும்,
அம்மா