சக்களத்தி வீட்டுக் களி

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மகன் வேதாசலத்துக்குப் பழவேற்காட்டிலிருந்து அம்மா மணியம்மாள் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் தங்கை அங்காளும் சுகம், உன் சின்னம்மா முனியம்மாளும் சுகம்தான், அவளுக்கு என்ன குறைச்சல். நீயும் உன் பெண்டாட்டியும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். பிள்ளைக்கு ஆறாம் மாதம் பிறக்கிறதாமே, அதனால்தான் வெட்கத்தை விட்டு இதைச் சொல்கிறேன். எழுதித் தருகிறவர் நம் வைத்தியர் செங்கல்வராயன், சிரிக்காமல் எழுதும் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ கப்பலேறும்போது தொட்டிலில் கிடந்த அங்காளுக்கு இப்போது நாலு வயது. உன் நைனாவுக்கு ஒல்லாந்தர் கோட்டையில் துணிக்கிடங்கு வேலை கிடைத்ததிலிருந்து நம் வீட்டில் தீட்டின வெள்ளைச் சோறும் பாலும்தான், கேழ்வரகும் மட்டிச் சிப்பியும் நண்டும் ஏரியில் கைபோட்டு மீன் பிடிக்கிற முனியம்மாள் வீட்டுத் தீனி என்று ஊரெல்லாம் நானே பேசினேன். போன கார்த்திகையில் அங்காள் ஆளே மாறிப்போனாள், நாலடி நடந்தால் மூச்சு வாங்கும், உதடு வெளுத்துவிட்டது, சுவரைச் சுரண்டி மண்ணைத் தின்றாள், அடித்தும் விடவில்லை. வைத்தியர் கீழிமையை இழுத்துப் பார்த்து, சோகைம்மா, புள்ளைக்கு இன்னா போடுறேன்னு கேட்டார். வெள்ளைச் சோறும் பாலும் என்று பெருமையாகச் சொன்னேன். பாலு வயித்தைத்தான் ரொப்பும், ரத்தம் ஊற இன்னா குடுத்தே, முருங்கைக்கீரையும் கேழ்வரகும் மட்டியும் குடுன்னு சொல்லி இரும்புச் செந்தூர மருந்தும் தந்தார். செந்தூரத்தைக் கொடுத்தேன், மற்றதைக் கொடுக்கவில்லை. முனியம்மாள் அடுப்பில் வேகிறது என் அடுப்பில் வேகக்கூடாது என்கிற வீம்பு.

தை பிறந்ததும் பிள்ளை முகத்தில் சிவப்பு ஏறியது. செந்தூரம் என்று நினைத்து வைத்தியருக்கு வெற்றிலை பாக்கு வைத்தேன். ஒருநாள் முத்தம் கொடுக்கும்போது அவள் வாயில் மட்டி வாசம். பிள்ளையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், நான் உப்பு வாங்கப் போகிற நேரமெல்லாம் முனியம்மாள் கூப்பிட்டுக் களியும், இரும்புச் சட்டியில் வதக்கின கீரையும் மட்டியும் ஊட்டி, கடிக்க ஒரு நெல்லிக்காயும் கொடுத்திருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புருஷனைத்தான் பங்கு போட்டாள், பிள்ளையையுமா என்று தெருவில் நின்று கத்தினேன். அங்காளை இழுத்துவந்து கதவைச் சாத்தினேன், இரண்டு மாதம் முனியம்மாள் வாசல் பக்கமே விடவில்லை. செந்தூரம் தீர்ந்ததும் வைத்தியரிடம் போக மானம் தடுத்தது. பங்குனியில் ஒரு காலை கிணற்றடியில் பிள்ளை சுருண்டு விழுந்தாள், நகமெல்லாம் வெள்ளை.

அவளைத் தூக்கிக்கொண்டு என் கால் எங்கே போனது தெரியுமா, முனியம்மாள் வீட்டுக்குத்தான். அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தண்ணீர் தெளித்துப் பிள்ளை கண் விழித்ததும் களியைக் கிண்டி என் கையில் தந்து, நீயே ஊட்டுக்கா, நான் அந்தாண்ட போறேன்னு எழுந்து போனாள். அங்காள் என் கையில் வாயைத் திறக்கவில்லை, சின்னம்மா ஊட்டணும்னு அழுதாள். வேறு வழியில்லாமல் நானே அவளைக் கூப்பிட்டேன், வேதாசலம். அவள் ஊட்டினாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாதமாக இரண்டு அடுப்பிலும் ஒரே சமையல்தான், வைத்தியர் மருந்தும் விடவில்லை. பிள்ளை ஓடுகிறாள், மண்ணைத் தொடுவதில்லை. என் வயிற்றெரிச்சல் மட்டும் ஆறவில்லை, பொய் சொல்ல மாட்டேன். உன் பெண்டாட்டியிடம் சொல், ஆறாம் மாதமே கேழ்வரகுக் கூழை வடிகட்டிக் கொடுக்கட்டும், பல் வந்ததும் கீரையும் மீனும் மசித்துக் கொடுக்கட்டும், தாய்ப்பால் இருக்கட்டும், மாட்டுப் பாலை நம்பி இருக்கவேண்டாம். பிள்ளை வெளுத்துப்போகும்வரை விட்டுவிட்டு அப்புறம் வைத்தியரிடம் ஓடாதீர்கள். தன் கையாலேயே ஊட்டச் சொல். இப்போதெல்லாம் அங்காள் எங்கள் இருவரையும் அம்மா என்றே கூப்பிடுகிறாள். அவள் கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புகிறோம், நான்தான் முந்திக்கொண்டு திரும்புகிறேன்.

நூறு வயது நல்லபடியாக இருங்கள். பிள்ளையின் கீழிமை சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துத் தவறாமல் பதில் எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
மணியம்மாள்