ராகவனின் ஒரே மந்திரம்

17 ஜூன் 1979, ஞாயிறு

அண்ணா அமெரிக்காவிலிருந்து அனுப்பிய பகடைக் கதை விளையாட்டை இன்றும் எங்கள் மயிலாப்பூர் மொட்டைமாடியில் விளையாடினோம். கதையை நடத்துவது நான். கதையில் ராகவன் மந்திரவாதி. புதிதாகச் சேர்ந்த பிரான்சிஸுக்கு மனோசக்தி.

மந்திரவாதி தன் மந்திரத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வேண்டும். ஒருமுறை சொன்னால் அது மறந்துபோகும். மனோசக்திக்காரன் நினைத்தால் போதும். ராகவன் தன் ஒரே இடி மந்திரத்தைக் கதையின் கடைசியில் வரும் பூதத்துக்காகவே வாரக்கணக்கில் பொத்திவைத்திருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் பிரான்சிஸ் மனோசக்தியை ஏவிப் பகடையை உருட்டினான். பூதம் விழுந்தது.

"இன்னா மச்சி, அவ்ளோதானா?" என்றான் பிரான்சிஸ். ஜெயித்தவனுக்கே சப்பென்று ஆகிவிட்டது.

புதியவன் ஜெயிக்கட்டுமே என்று, எந்த மந்திரமும் அந்தப் பூதத்தைத் தொடாதபடி நேற்றே செய்துவைத்தவன் நான். இதில் எல்லோரையும் சமமாக நடத்துகிறேனாம்.

பஸ் ஸ்டாப்பில் ராகவன் கேட்டான். "நான் போட்டிருந்தா பலிச்சிருக்குமாடா?"

"பலிச்சிருக்கும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவன் முகம் தெளிந்துவிட்டது. "அப்போ அடுத்த வாரமும் அதையே பொத்தி வெச்சிண்டு வரேன்."