பூப்போட்ட திரைச்சீலை

என்னங்க,

உங்கள் வலது கையைப் பற்றி டாக்டர் போனில் சொன்னதை நேரில் பேசுவோம். முதலில் நல்ல செய்தி.

வருடக்கணக்கில் ஷெட்டில் கிடந்த நம் கார் இன்று ஓடியது! மாற்று இன்ஜினை நீங்கள் முன்பே பொருத்திவிட்டீர்கள், வயர்கள்தான் பாக்கி. ஒவ்வொரு வயரிலும், அது சேரும் இடத்திலும் ஒரே மாதிரித் துணியைக் கிழித்து அடையாளமாகக் கட்டியிருந்தீர்கள். பூப்போட்டது என் திரைச்சீலை. அதைக் கிழித்த அன்று உங்களை உண்டு இல்லை என்று ஆக்கினேன். கோடு போட்டது மகளின் சட்டை.

மெக்கானிக் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கு நான் எதுக்குக்கா? நீங்களே மாட்டிடலாம்."

நானே மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கிழித்ததற்குக் கோடி நன்றி.

ஞாயிறன்று உங்களை ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் அழைத்துவருவேன். ஓட்டும் சீட்டை என் கால் எட்டும்படி முன்னே இழுத்துவிட்டேன். பக்கத்து சீட்டை உங்கள் நீளக் காலுக்காகப் பின்னே தள்ளியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் டிரைவர்