மானுக்கு ஏற்ற துப்பாக்கி

என்னங்க,

தேர்தல் முடிந்துவிட்டது. அதற்காக நம் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்திருந்தவர்கள் எல்லாரும் வந்து தங்கள் துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்று காலை உள்ளறை இரும்பு அலமாரியைத் திறந்தேன். துப்பாக்கி எண்ணெயும் மண்ணெண்ணெயும் பழைய மரமும் கலந்த அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. அது உங்கள் சட்டை வாசனை. எத்தனை முறை ஊறவைத்து அடித்துத் துவைத்தாலும் போகாமல் என் உயிரை வாங்கிய வாசனை. ஒரு நிமிஷம் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அலமாரியில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது, பண்ணையின் இரட்டைக்குழல்.

பாதி ஊர் நிலம் அவன் பேரில் இருப்பதால் எல்லாரும் அவனைப் பண்ணை என்பார்கள். நீங்கள் 'பண்ணை ஐயா' என்பீர்கள். இப்போது நான் அவன், இவன் என்று எழுதுவதைப் பார்த்தால் "வயசுல பெரியவர், அவர்னு சொல்லு" என்பீர்கள். மாட்டேன். நீங்கள் இருந்தவரை சொன்னேன், அது போதும்.

அவன் முதன்முதலில் நம் கடைக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? நான் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தேன். தயிர்சாதமும் நார்த்தங்காயும். துப்பாக்கிக் கடை வைத்துக்கொண்டு முட்டை வாசனைக்கே முகத்தைச் சுளிக்கிற ஆளை இந்தத் தஞ்சாவூரில் நான் மட்டும்தான் கட்டிக்கொண்டேன். பண்ணை கையில் புது லைசென்ஸ். கொள்ளிடக் கரையில் இருக்கும் அவன் வயலில் காட்டுப்பன்றி புகுந்து நெல்லை உழக்குகிறது என்று பயிர்ப் பாதுகாப்புக்காக வாங்கியது. வந்ததும் ரைஃபிளைத்தான் கேட்டான்.

"நம்ம ஊருக்கு ரைஃபிள் வேணாம் ஐயா," என்றீர்கள். "அதோட குண்டு ரொம்ப தூரம் போகும். இங்க என்ன மலையா இருக்கு, குண்டைத் தாங்கிக்க? எல்லாம் தரை மட்டம். நீங்க பன்னியைச் சுடுவீங்க, அந்தாண்ட எவளாவது குனிஞ்சு நாத்து நட்டுக்கிட்டு இருப்பா. சுடறதுக்கு முன்னாடி குண்டு எங்க போயி நிக்கும்னு பாக்கணும். இரட்டைக்குழல் எடுத்துக்கங்க. கிட்டத்துல அடிக்கும், தூரத்துல செத்துப்போகும்."

யார் வந்து எதைக் கேட்டாலும் இந்தப் பாட்டைப் பாடாமல் நீங்கள் விட்டதில்லை. குண்டு எங்கே போய் நிற்கும்? எனக்கே மனப்பாடம். காய்கறிக் கடையில் பேரம் பேசும்போதுகூட அதைச் சொல்லி உங்களைக் கேலி செய்திருக்கிறேன்.

பண்ணை இரட்டைக்குழலைத் தோளில் வைத்துப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். "சரி, மானுக்கு எது நல்லா இருக்கும்?"

"மான் உங்க நெல்லை மேயுதுங்களா?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான். வேதாரண்யம் பக்கம் நம்ம சிநேகிதங்க இருக்காங்க. அந்தக் காட்டோரம் நிறையத் திரியுதாமே."

நீங்கள் யோசிப்பதுபோல் தாடையைத் தடவினீர்கள். அந்தத் தடவலைப் பார்த்ததுமே வம்பு வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடி அலமாரியைத் திறந்து, எவருமே வாங்காமல் கிடந்த பைனாகுலரை எடுத்து மேஜைமேல் வைத்தீர்கள். "மானுக்கு ஏத்தது எங்க கடையில இது ஒன்னுதாங்க இருக்கு."

கடையில் இருந்த நாலைந்து பேரும் சிரித்துவிட்டார்கள். பண்ணையும் சிரித்தான். ஆனால் காது மடல் சிவந்துபோனதை நான் பார்த்தேன். அவன் போன பிறகு, "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? அந்த ஆள் மனசுல வச்சுக்குவான்" என்றேன். "அட போடி, பெரிய மனுஷன், இதையெல்லாமா வச்சுக்குவார்" என்று தயிர்சாதத்தைப் பிசைய ஆரம்பித்தீர்கள். அவன் வைத்துக்கொண்டான். மனிதர்களை எடை போடுவதில் நீங்கள் எப்போதுமே மட்டம்.

வேதாரண்யம் சாலையில் வனத்துறைக்காரர்கள் அவன் காரை மறித்தபோது டிக்கியில் மான் கறி இருந்தது. கூடவே பெரிய ஈயக் குண்டு போட்ட எல்ஜி தோட்டாக்கள். அங்கே நின்றபடியே அவன் வாயில் வந்தது உங்கள் பெயர். "நான் பன்னிக்குத்தான் தோட்டா கேட்டேன். கடைக்காரர்தான் மான் கறி வேணும்னு சொல்லி இதைக் கொடுத்தனுப்பினார். கறியும் அவருக்குத்தான் போகுது." உங்களுக்கு மான் கறியாம். நம் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நுழைவதற்கே அமாவாசை, கிருத்திகை எல்லாம் பார்க்க வேண்டும்.

கடைக்குச் சீல் வைத்தார்கள். நீங்கள் ஒவ்வொரு விசாரணைக்கும் போய்க் கோர்ட்டு வராந்தாவில் நின்றீர்கள். உட்கார இடம் இருந்தாலும் உட்கார மாட்டீர்கள். நெற்றியில் வேர்க்க வேர்க்க வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருப்பீர்கள். எதிர் பெஞ்சில் பண்ணை தன் வக்கீலோடு உட்கார்ந்து போனில் எதையோ காட்டிச் சிரித்துக்கொண்டிருப்பான். ஒருநாள் உங்களைப் பார்த்து, "என்ன, பைனாகுலர் கொண்டாந்தீங்களா?" என்றான். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில், "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது இல்ல?" என்று என்னிடம் கேட்டீர்கள். அதைக் கேட்டபோதுதான் அவன்மேல் எனக்கு வந்தது கோபம் இல்லை, வேறு என்று புரிந்தது. அவன் குடல் எரிய வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் அதையேதான் நினைக்கிறேன்.

கடைசியில் உங்களுக்கு எதிராகப் போதிய சாட்சி இல்லை என்று விட்டார்கள். நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை. கடைத்தெருவில் நம் கடைக்கு 'மான்கறிக் கடை' என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரு பையன் நம் பேத்தியிடமே அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அன்று நீங்கள் சாப்பிடவில்லை. கடையைத் திறந்துகொள்ளலாம் என்று உத்தரவு வந்தபோது நீங்கள் இல்லை. இருதயம் என்று டாக்டர் சொன்னார். எனக்குத் தெரியும் யார் என்று.

கடையை விற்றுவிடச் சொல்லி என் தம்பி வந்தான். மூடினால் பண்ணை சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிடும். லைசென்ஸை என் பேருக்கு மாற்றி வாங்கினேன். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். உங்கள் கோர்ட்டு வேட்டியை எடுத்து, துப்பாக்கி துடைப்பதற்காகக் கைக்குட்டை அளவில் கிழித்து வைத்துக்கொண்டேன். கிழிக்கும்போது அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பண்ணையின் வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக ஓடிக்கொண்டே இருந்தது. பறிமுதல் செய்த துப்பாக்கியையும் மனுப் போட்டுத் திரும்ப வாங்கிவிட்டான். இந்தத் தடவை தேர்தல் அறிவித்து, எல்லாரும் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்றதும் ஸ்டேஷனுக்குப் போகாமல் நேரே நம் கடைக்கு வந்து நிற்கிறான். ஸ்டேஷனில் போட்டால் துருப்பிடித்துவிடுமாம். கூட வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மருமகன். துப்பாக்கியைச் சுமந்துகொண்டு பின்னால் அவன் வயலாள் சிங்காரம்.

"உங்க வீட்டுக்காரர் இருந்தப்ப மாதிரியே எண்ணெய் போட்டுப் பத்திரமா வைம்மா," என்றான். எப்படித்தான் அந்த வாயில் உங்கள் பேச்சு வந்ததோ. சிங்காரம் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க. அண்ணன் இல்லாத கடை ஒரு மாதிரியா இருக்கு" என்றான்.

நான் குழலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திருக்காட்டுப்பள்ளி வாத்தியார், அதுதான் பன்றி விரட்டத் துப்பாக்கி வைத்திருக்கும் உங்கள் சிநேகிதர், தன் முறைக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்போது மருமகன் கேட்டான். "மாமா, மானுக்கு எந்த கன் பெஸ்ட்?"

மருமகன் கேட்டால் பண்ணை சும்மா இருப்பானா? எதிரே உட்கார்ந்திருப்பவள் ஒரு பொம்பளை, அவளுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு வேறு. "இரட்டைக்குழல்தான் மாப்ளே. ரைஃபிள்னா ஒரே குண்டு, தப்புச்சுன்னா மான் போயிடும். இதுல ரெண்டு குழல்லயும் எல்ஜி போட்டுக்கிட்டா ஒன்னுல தப்புனாலும் இன்னொன்னுல விழுந்துடும். நான் வேதாரண்யத்துல அடிச்சது இதுலதான்."

நான் நிமிராமல், குழலைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். "அந்தத் தோட்டா எங்க கடையில வாங்கினதுங்களா?"

"உங்க வீட்டுக்காரரா? அந்த மனுஷன் குருவித் தோட்டாவுக்கு மேல எதையும் கண்ணுல காட்டல. அதை வச்சுக்கிட்டு மானுக்குக் கிச்சுகிச்சுதான் மூட்டலாம். எல்ஜி நான் வெளியூர்லேருந்து வரவழைச்சேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான். மருமகனும் சிரித்தான். போலீஸ் சொல்லி நான் மாட்டிய கேமரா அவன் தலைக்கு மேலே இருந்தது. அது பேச்சையும் பிடிக்கும். வாத்தியார் பெஞ்சிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். ரசீது போட்டுக் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்று கும்பிட்டும் அனுப்பினேன்.

அவர்கள் போனதும் வாத்தியார் எழுந்து வந்தார். "நானும் கேட்டேம்மா. எங்க வேணாலும் வந்து சொல்றேன்," என்றார்.

எனக்கு அது போதவில்லை. கோர்ட்டும் கச்சேரியும் உங்களை என்ன பாடு படுத்தின என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவன் துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டேன். உங்கள் வேட்டித் துண்டை உருட்டிக் குழலுக்குள் தள்ளினேன். குழல் அடைத்திருக்கும்போது சுட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் வாங்குகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பயமுறுத்துவீர்கள். வெடிப்பது முன்னால் இல்லை, பிடித்திருப்பவன் முகத்தில். துணியை உள்ளேயே விட்டுவிட்டு அலமாரியைப் பூட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு ருசியாகச் சாப்பிட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

கை கழுவும்போதுதான் உறைத்தது. துப்பாக்கி நம் கடையிலிருந்து திரும்பினால் பண்ணை முதல் தோட்டாவைத் தானே சுட மாட்டான். கைகால் பத்திரம் பார்க்கிற ஆள். களத்துமேட்டில் சிங்காரத்தின் கையில் கொடுத்து, வானத்தைப் பார்த்துச் சுடச் சொல்லிவிட்டு இருபதடி தள்ளி நிற்பான். சிங்காரமே இதைச் சொல்லி உங்களிடம் சிரித்திருக்கிறான். குண்டு எங்கே போய் நிற்கும்? அக்கா என்று தண்ணீர் கேட்டவன் முகத்தில் போய் நிற்கும்.

சேலை மாற்றக்கூட நேரமில்லாமல் ஆட்டோ பிடித்துக் கடைக்கு ஓடினேன். துணியை இழுத்து எடுத்தேன். இரண்டு குழலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன். மனம் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முதல் தோட்டாவை அவனே சுடுகிறவனாக இருந்தால் அந்தத் துணி அங்கேயே இருந்திருக்கும். உங்கள் பழக்கம் ஒட்டிக்கொண்டதால் எடுத்தேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மனுநாளில் வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். கேமராப் பதிவைக் கொடுத்தேன். அரசு வக்கீலிடமும் ஒன்று. முதலில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த திங்களும் போனேன், அதற்கடுத்ததும். என்னைக் கண்டாலே மனு எழுதுகிறவர் "மான் அம்மா வந்துட்டாங்க" என்பார். மான்கறிக் கடை என்ற பெயருக்கு இது தேவலை. கடைசியில் உத்தரவு வந்தது. அவன் லைசென்ஸ் நிறுத்திவைப்பு. விசாரணை முடியும்வரை துப்பாக்கி நம் கடையிலேயே இருக்க வேண்டும். வழக்கில் வாத்தியாரும் நானும் சாட்சி.

உத்தரவு அவனுக்கும் போயிருக்கிறது. இருந்தும் இன்று மத்தியானம் வந்து நின்றான். மருமகன் இல்லை, சிங்காரமும் இல்லை. மேஜைமேல் ரசீதை விட்டெறிந்து, "என் துப்பாக்கியை எடு" என்றான்.

"எடுக்கக் கூடாதுங்களே."

"பொம்பளையாச்சேன்னு பாக்கறேன். உன் புருஷனுக்கும் வாய்தான் நீளம்."

நான் கண்ணாடி அலமாரியைத் திறந்தேன். பைனாகுலர் இன்னும் அங்கேதான் இருக்கிறது, யார் கேட்டாலும் நான் கொடுப்பதில்லை. தூசியைத் துடைத்து, அவன் முன்னால் மேஜைமேல் வைத்தேன். "மானுக்கு ஏத்தது எங்க கடையில இது ஒன்னுதாங்க இருக்கு."

காது மடல் சிவந்தது. அன்றைக்குப் போலவே. இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. வெயிலில் இறங்கிப் போனான். அவன் போன பிறகு நான் கொஞ்ச நேரம் அழுதேன். நீங்கள் பார்த்திருக்க வேண்டிய முகம் அது, நான் ஒருத்தியாகப் பார்க்க வேண்டியிருந்ததே என்று.

அவன் துப்பாக்கியை இப்போது எண்ணெய் போட்டு வைத்துவிட்டேன். இரும்பு என்ன பாவம் செய்தது என்பீர்கள். குழலிலிருந்து இழுத்த அந்தத் துணி மட்டும் என் கைப்பையில் இருக்கிறது. துவைக்கவில்லை. ஒரு பக்கம் எண்ணெய்க் கறை. இன்னொரு பக்கத்தில் நீங்கள் துடைத்துத் துடைத்துப் பழுப்பேறிய வேர்வை. ஆவணியில் வாய்தா. அதே வராந்தாவில் இந்தத் தடவை அவன் நிற்பான், நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவன் நெற்றியில் வேர்க்கும், துடைக்கத் துணி தேடுவான். கைப்பை என் மடியில்தான் இருக்கும். திறக்க மாட்டேன்.