எந்தப் பர்ஸோம், மதினி?

சண்டை போடவும் சமாதானமாகவும் இந்த ஹைதராபாத்துல எனக்குன்னு இருந்த ஒரே ஆளான என் ஆசை மதினிக்கு,

நீ போய் எட்டு மாசம் ஆச்சு. தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னாங்க. "நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் இப்படி ஒத்துமையா இருந்து நாங்க பாத்ததே இல்ல, நீங்கதாம்மா எழுதணும்"னு செயலாளர் வீடு தேடி வந்து கேட்டாரு. எழுத உக்காந்தா உன் பெருமை ஒண்ணும் வர மாட்டேங்குது. வேற ஒண்ணுதான் பேனா முனைக்கு வருது. அதைத்தான் எழுதுதேன், எல்லாரும் படிக்கட்டும்.

உன்னைத் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுதேன். நான் தூத்துக்குடிக்காரி, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பன்னெண்டு வருஷம். நீ என் வீட்டுக்காரருக்கு மூத்தவ, கல்யாணமே வேண்டாம்னு இருந்தவ. அரக்கோணத்துல இருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்த தாத்தாவோட பேத்தி, ரயில்வே காலனியிலயே பிறந்து வளந்தவ. வெளிநாட்டுக்காரங்களைச் சொந்தக் கார்ல ஏத்திக்கிட்டு, நீயே ஓட்டி, நீயே கதை சொல்லி, ஒரே நாள்ல ஊர் காட்டிக் கூட்டிட்டு வருவே. அம்பது வயசுக்கு மேல அந்தத் தெம்பு எவளுக்கு வரும்?

"கோல்கொண்டாவை எல்லாரும் காட்டுவான். அதுக்குக் கடல் வாசல் ஒண்ணு இருந்துச்சே, மச்சிலிப்பட்டணம், அதை எவன் காட்டறான்?"னு கேப்பே. அதுக்காகவே ஒரு சுற்று வெச்சிருந்தே. விடியக்காலம் கிளம்பி, காலையில கொண்டபல்லிக் கோட்டை, மத்தியானம் மச்சிலிப்பட்டணம், திரும்ப வீடு. அந்தச் சுற்றுலதான் நீ போனே.

முந்தின நாள் சாயங்காலம் நம்ம மல்லாபூர் வீட்டு மாடிப்படியில பாதியில நின்னுட்டே. கம்பியைப் புடிச்சுக்கிட்டு இளைச்சே. நான் கேட்டேன், "ஏன் மதினி இப்படி மூச்சு வாங்குது? டாக்டரைப் பாத்தியா இல்லையா?"

"ஹவ், பர்ஸோம்தானே பாத்தேன். நாச்சாரம் டாக்டரம்மாகிட்ட. டென்ஷன் நக்கோ"ன்னே உங்க ஊர் இந்தியில, ஆமா, கவலைப்படாதேன்னு. அதோட விடாம, "நாளைக்கு வண்டியில ஒரு சீட்டு காலி. ஒரு டச்சுக்காரப் பெரியவரும் அவரு பொண்ணும் மட்டும்தான். நீயும் வாடி, கடல் பாக்கலாம்"னே.

இந்தப் பர்ஸோம்ங்கிற வார்த்தையை வெளியூர்க்காரங்களுக்கு எப்படி விளக்கறது? மத்த ஊர் இந்தியில முந்தாநாள். உங்க ஊர்ல அதுக்குக் கணக்கே கிடையாது. போன வாரமும் பர்ஸோம், போன வருஷமும் பர்ஸோம். என் மகன் பிறக்கிறதுக்கு முன்னாடி வாங்கின ஃப்ரிட்ஜைக் கூட "பர்ஸோம்தானே வாங்கினோம், அதுக்குள்ள கெட்டுப்போச்சா"ன்னு கேட்டவ நீ. "எந்தப் பர்ஸோம்?"னு நானும், "போடி தூத்துக்குடி"ன்னு நீயும் எத்தனை தடவை சிரிச்சிருப்போம்!

அன்னைக்கு மட்டும் நான் கேக்கல.

ராத்திரி ஷிப்டுக்குப் போயிருந்த உன் தம்பி நாச்சாரம் ஃபேக்டரியில இருந்து போன் போட்டாரு. "அக்காவுக்கு ரெண்டு நாளா முகமே சரியில்ல. டாக்டர்கிட்ட போனாளா? போகலைன்னா நாளைக்கு வண்டியைத் தொட விடாதே"ன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முந்தாநாள் பாத்துட்டாங்களாம்"னேன். நீ சொன்ன பர்ஸோமை அப்படியே சொல்லியிருந்தா அவரு விட்டிருக்க மாட்டாரு. அவரும் இந்த ஊர்ல பிறந்த மனுஷன், எந்தப் பர்ஸோம்னு உடனே கேட்டிருப்பாரு. நான் அதைச் சுத்தத் தமிழாக்கி அவரு வாயை அடைச்சுட்டேன்.

தெரிஞ்சேதான் செஞ்சியான்னு நீ கேட்டா, ஆமா மதினி. கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேட்டா எப்பவோ பாத்ததுன்னு தெரிஞ்சிடும், அப்புறம் நீ போக மாட்டே. நீ போகலைன்னா எனக்குக் கடல் இல்ல. பன்னெண்டு வருஷமா ஊருக்கும் போகல, உப்புத் தண்ணியில கால் வைக்கலைங்கிற ஒரே ஏக்கத்துல அந்தக் கேள்வியை முழுங்கினேன்.

கோட்டையில படி ஏறும்போது மூணு தடவை நின்னே. ஒவ்வொரு தடவையும் ஒரு ராஜா கதையை எடுத்து விட்டே. அந்த டச்சுக்காரங்க நீ கதைக்காக நிக்கிறதா நினைச்சுக் கை தட்டினாங்க. எனக்குத் தெரியும் மதினி, உன் மேலுதடு வேர்த்திருந்தது. தண்ணி பாட்டிலை நீட்டினேன், திரும்பிப் போயிடலாம்னு மட்டும் நான் சொல்லல.

மச்சிலிப்பட்டணத்துல டச்சுக்காரங்க கல்லறைக்குக் கூட்டிட்டுப் போனே. கப்பலேறி வியாபாரத்துக்கு வந்தவங்க பொண்டாட்டி புள்ளைங்களோட அங்கேயே மண்ணாப் போயிருக்காங்க. ஒரு கல்லுல பெரியவர் தன் குடும்பப் பேரைக் கண்டுபுடிச்சுட்டுக் குழந்தை மாதிரி அழுதாரு. நீ அவரு முதுகைத் தடவிக் கொடுத்தே. அத்தனை பெரிய துறைமுகம், ஒரு புயல் ராத்திரியில கடல் ஏறி வந்து ஊரையே வாரிட்டுப் போச்சுன்னு மெதுவாச் சொன்னே. உன் குரல் அப்பவே கிணத்துக்குள்ள இருந்து வர மாதிரி இருந்தது.

அப்புறம் கடற்கரை. "போடி, போய்க் காலை நனை, நான் இங்க நிழல்ல உக்காந்துக்கறேன்"னே. நான் ஓடினேன். திரும்பிக் கூடப் பாக்கல. எவ்வளவு நேரம் அப்படி நின்னேன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. அந்த டச்சுக்காரப் பொண்ணு அலறினது கேட்டுத் திரும்பினா, நீ கார்ச் சக்கரத்துல சாஞ்சு, வாய் லேசாத் திறந்து, யாரையோ கூப்பிட வந்தவ மாதிரி உக்காந்திருந்தே. என்னையா கூப்பிட்டே மதினி? கூப்பிட்டும் எனக்குக் கேக்கலையா?

முழங்கால் வரைக்கும் நனைஞ்ச சேலையோட உன்னை மடியில போட்டுக்கிட்டேன். ஆஸ்பத்திரியில அஞ்சு நிமிஷம் கூட ஆகல, உயிர் இல்லைன்னுட்டாங்க.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சப்புறம் உன் கைப்பையைத் திறந்தேன். உள் ஜிப்புல நாலா மடிச்ச சீட்டு. டாக்டரம்மா எழுதினது. தேதி பதினாலு மாசம் முந்தி. இதயத்துக்கு உடனே எக்கோ ஸ்கேன் எடுக்கணும்னு அடிக்கோடு போட்டு எழுதியிருக்காங்க. நீ எடுக்கவே இல்ல. பாவி, ஏன் மதினி எடுக்கல? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவே?

அந்தச் சீட்டை என் பீரோவுல சேலைக்கடியில வெச்சேன். இன்னைக்கு வரைக்கும் உன் தம்பிக்குக் காட்டல.

அவரு இப்ப பழைய மனுஷன் இல்ல. சாப்பாட்டுல பாதி தட்டுலயே இருக்கு. என் மகன், அதான் உன் மருமகன், தெலுங்குல ஏதாவது சொல்லிச் சிரிக்க வெக்கப் பாக்கான், அவரு காதுலயே விழறதில்ல. "செத்துப்போறதுக்கு மூணு நாள் முந்தி பாத்திருக்கா, ஒண்ணும் இல்லைன்னு அனுப்பியிருக்காங்க"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. கிளினிக்குக்குப் போய்ப் பத்துப் பேர் முன்னாடி அந்த டாக்டரம்மாவைப் பாத்துக் கத்திட்டு வந்தாரு. அந்த வாரம் நீ வரவே இல்லைன்னு அவங்க சொல்லியிருக்காங்க. "என் அக்கா பொய் சொல்லுவாளா? என் பொண்டாட்டி பொய் சொல்லுவாளா? நீங்கதான் நோட்டை மாத்திட்டீங்க"ன்னுட்டாரு. யாரோ அதைப் போன்ல புடிச்சு ஊரெல்லாம் அனுப்பிட்டாங்க.

போன வாரம் ஆட்டோ புடிக்க அந்தக் கிளினிக் பக்கம் நின்னேன். கிளினிக் ஷட்டர் பாதி இறங்கியிருக்கு, பெஞ்சுல ஒரு ஆள் இல்ல. அந்த அம்மா வெளிய வந்து என்னைப் பாத்தாங்க. "நுவ்வைனா செப்பம்மா"ன்னாங்க. நீயாவது சொல்லும்மா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஆட்டோவுல ஏறிட்டேன். சீ, என்ன பொம்பளை நான்!

நாளைக்குக் காலையில டாக்டரம்மா மேல போலீஸ் ஸ்டேஷன்ல புகார் கொடுக்கப் போறாரு. எழுதி, அச்சடிச்சு, மேஜை மேல வெச்சிருக்காரு. சாட்சின்னு போட்டு என் பேர் இருக்கு. முந்தாநாள்ங்கிற அந்த வார்த்தையும் அப்படியே இருக்கு. "நீ சொன்னதைத்தானே எழுதியிருக்கேன், படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு"ன்னுட்டு இப்பத்தான் படுத்தாரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், வீடே அமைதியா இருக்கு. அவரு தூங்கல, புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் இங்க கேக்குது.

எனக்குப் பயமா இருக்கு மதினி. உன்னை நான் கொன்னேன்னு சொல்லுவாரா? பெட்டியைக் கட்டித் தூத்துக்குடிக்கு அனுப்பிடுவாரா? அங்க வாசல்லயே கடல். எனக்கு இனிமே அது வேண்டாம்.

உனக்குச் சத்தியம் பண்ணுதேன். இந்தக் காகிதத்தைச் சங்கத்துக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி, அவரு எந்திரிச்சு உக்காந்ததும், முதல்ல அந்தச் சீட்டை அவரு கையில கொடுப்பேன். நீ என்ன சொன்னே, நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன், மூணையும் ஒண்ணு விடாமச் சொல்லுவேன். நாளைக்கு டாக்டரம்மா வாசல்ல போய் நிப்பேன். அவரு கூட வந்தா ரெண்டு பேரா, வரலைன்னா நான் தனியா.

கட்டில் சத்தம் போடுது, அவரு எந்திரிக்காரு. நான் போறேன் மதினி.

இந்த நிமிஷம் வரைக்கும் உன் தம்பி பொண்டாட்டி,
செல்வி