மறைத்துப் பேச மொழி தீர்ந்தது

1931 மே 4, திங்கள்

கத்திரி ஆரம்பம். ஆம்பூர் முழுக்கத் தோல் நாற்றம், வெயிலில் இன்னும் ஜாஸ்தி. துவைத்தது: அப்பா சட்டை, என் பாவாடை. தலையணை உறை பாக்கி.

சாப்பிடும்போது அப்பாவும் அம்மாவும் மறுபடி இந்துஸ்தானி. என்னைப் பற்றித்தான். நடுவில் வேலூர், திருப்பத்தூர் என்று காதில் விழுந்தது. வேலூர் என்றால் நர்ஸ் படிப்பு, என் ஆசை. திருப்பத்தூர் என்றால் அங்கே சபையில் வேதம் சொல்லும் உபதேசியார் மகன், கல்யாணம். எது என்றுதான் தெரியவில்லை.

முன்பெல்லாம் ரகசியம் தெலுங்கில்தான். அம்மா சித்தூர்ப் பக்கம். நான் சின்னவளாக இருந்தபோது, நாளைக்கு இவளுக்கு விளக்கெண்ணெய் என்று பேசிக்கொண்டார்கள். புரிந்துவிட்டது; விடிந்ததும் நான் வேதக்கோயில் பெஞ்சுக்கு அடியில்! அன்றோடு தெலுங்கு போனது, இந்துஸ்தானி வந்தது. அப்பா தோல் மண்டி ரைட்டர், அங்கே கற்றது. அம்மா பக்கத்து வீட்டில் கற்றது.

மே 6, புதன்

அந்தப் பக்கத்து வீட்டு ஹமீதாவிடம் பாடம். பதிலுக்கு அவளுக்கு நான் தமிழ் எழுத்து.

"எங்கம்மா என்னைத் திட்றத கவனி, எல்லாம் தானா வந்துடும்."

வந்தது. சோம்பேறி, கழுதை, பால் பொங்குது, கதவைச் சாத்து. கல்யாணத்துக்கு என்ன என்று கேட்டேன். ஷாதியாம். சொல்லிவிட்டு ஒரே சிரிப்பு, பாவி.

மே 9, சனி

ஷாதி வந்தது, அம்மா வாயிலிருந்து. அப்பா சொன்னது புரியவில்லை. மனப்பாடம் செய்து ஹமீதாவிடம் ஒப்பித்தேன். அவளும் விழித்தாள்.

"உங்கப்பா தோலைப் பத்தியில்ல பேசறாரு?"

மே 10, ஞாயிறு

பிரசங்கம் நீளம். மதியம் கறி.

புரிந்துவிட்டது! அப்பாவுக்குத் தெரிந்தது மண்டி இந்துஸ்தானி மட்டும். அதில் மகள், மாப்பிள்ளை எல்லாரும் தோல்தான். உபதேசியார் மகன்: மேலே பளபளப்பு, புரட்டினால் கத்திக் காயம். நான்: "மால் அச்சா ஹை. ஜல்தி நக்கோ பேச்சோ." சரக்கு நல்லது, அவசரப்பட்டு விற்காதே.

சரக்கா நான்! கோபம். பிறகுதான் உறைத்தது, அப்பா என் கட்சி. சிரித்ததில் சோறு மூக்கில் ஏறிவிட்டது.

அம்மா: "இன்னாங்க, இவளுக்கு எல்லாம் புரியுது."

மே 11, திங்கள்

இன்று இங்கிலீஷ். அப்பா: "கேர்ள் குட். டெஸ்பாட்ச் வெல்லூர்." அம்மா மிஷன் போர்டிங்கில் படித்தவள், கடகடவென்று பொரிந்தாள். அப்பாவுக்கு எட்டவில்லை, பள்ளியில் இங்கிலீஷ் படித்த என் பக்கம் திரும்பினார்.

"எஸ்தரு, உங்கம்மா இன்னா சொல்றா?"

மாற்றிச் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை.

"தனியா எப்படி இருப்பா, இவ இல்லாம எனக்கு வீடு வீடாவே இருக்காதுன்னு சொல்றாங்கப்பா."

அம்மா அழுதுவிட்டாள். பிறகு தமிழில், என்னிடமே: "நீயே சொல்லுடி. உனக்கு இன்னா வேணும்?"

இத்தனை நாளில் என்னை யாரும் கேட்கவில்லை. நாலு மொழி இருந்தும் ஒரு வார்த்தைதான் வந்தது.

"வேலூரும்மா."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "லீவுக்கு லீவு வரணும். வரலன்னா நானே வந்து இழுத்துகினு வந்துடுவேன்."