என் மனைவியின் குரலைக் குப்பை வண்டியிலிருந்து இறக்கித் தரக் கோரி

அனுப்புநர்:
ஒலிபெருக்கி வாடகைக் கடைக்காரர்
(மைக் செட்காரர் என்றால் தங்கள் அலுவலகத்தில் அனைவருக்கும் தெரியும்),
பேருந்து நிலையத்தின் பின்புறம்.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், முதல் மாடி.

பொருள்: ஊரடங்கு அறிவிப்புக்கு என் மறைந்த மனைவியின் பழைய ஒலிப்பதிவைப் பயன்படுத்துவதை நிறுத்தவும், புதிய அறிவிப்பை மாண்புமிகு அமைச்சர் அவர்களின் சொந்தக் குரலில் ஒலிபரப்பவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதுபற்றித் தங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் நேற்று எனக்கு வாய்மொழியாக அளித்த பதில்.

மதிப்பிற்குரிய ஆணையர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. தாங்கள் இந்த ஊருக்குப் புதிதாக வந்திருப்பதால், குரல் யாருடையது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. தினமும் காலையில் குப்பை வண்டி தங்கள் குடியிருப்புப் பக்கம் வரும்போது, "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று ஒரு பெண் குரல் கேட்கிறதல்லவா, அது என் மனைவி. சென்ற பெருந்தொற்றில் அவர் காலமாகிவிட்டார். இந்தச் செய்தி வண்டிக்கு இன்னும் தெரிவிக்கப்படவில்லை என்று நினைக்கிறேன்.

2. அவர் தங்கள் நகராட்சியில் ஒப்பந்த அறிவிப்பாளராக இருந்தவர். குடிநீர் வராத நாள், வரி கட்டக் கடைசி நாள், காணாமல் போன குழந்தை, இவைதான் அவருடைய வேலை. வண்டியும் குழாய் ஒலிபெருக்கிகளும் என்னுடையவை, ஓட்டுவதும் நானே. எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. குழாயில் பேசுகிறவர் ஒரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்த வேண்டும். குரல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடங்கிய பிறகுதான் அடுத்த வாக்கியத்தைத் தொடங்க வேண்டும். அவசரப்பட்டால் சொன்னதும் சொல்லப்போவதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து யாருக்கும் எதுவும் புரியாது. குறுகலான தெருவில் எவ்வளவு நிறுத்துவது, மைதானத்தில் எவ்வளவு நிறுத்துவது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

3. ஊரடங்கு வந்தபோது, தங்கள் அலுவலகம் தட்டச்சு செய்து தந்த தாளை அவர் வாசித்தார். அதில் ஒரு காற்புள்ளி கூட அவருடையது அல்ல. காலையில் ஒரு தாள் வரும், மாலையில் அதை மாற்றி இன்னொரு தாள் வரும். கடைகளைத் திறக்கலாம் என்று ஒரு தெருவில் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குள் திரும்புவதற்குள், திறக்கக் கூடாது என்று தொலைபேசி வரும். வந்த வழியே திரும்பிப் போய் மாற்றிச் சொல்வோம். ஜன்னல்களிலிருந்து திட்டு விழும். தாளை எழுதியவர் யாரென்று மக்களுக்குத் தெரியாது, குரல்தான் தெரியும். ஆகவே திட்டு எல்லாம் குரலுக்கே போய்ச் சேர்ந்தது.

4. அப்போது எதிர்க்கட்சியில் இருந்தவரும் இன்று மாண்புமிகு அமைச்சராக இருப்பவருமான நம் தொகுதிக்காரர், அரசின் கட்டுப்பாடுகளைக் கண்டித்துச் சந்தை வாசலில் பேசினார். அவருடைய ஆட்கள் என் மனைவியின் அறிவிப்பைக் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்தார்கள். அதை மேடையில் போட்டார்கள். எதிரொலி அடங்குவதற்காக என் மனைவி விட்டிருந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் தலைவர் பதில் சொன்னார். "வீட்டை விட்டு யாரும் வெளியே வர வேண்டாம்" என்றது பதிவு. "வீட்ல அரிசி இருக்கறவன் வரமாட்டான்மா" என்றார் அவர். "கைகளை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவவும்" என்றது பதிவு. "அதுக்குத் தண்ணிய எப்போ திறந்து விடுவே?" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அவர் கேட்டதில் பொய் எதுவும் இல்லை என்பதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. எங்கள் வீட்டுக் குழாயிலும் அப்போது தண்ணீர் வரவில்லை. மைக் செட்காரன் என்ற முறையில் ஒன்றையும் சொல்ல வேண்டும்: இடைவெளியில் அவ்வளவு கச்சிதமாக நுழைந்து பேச எல்லோருக்கும் வராது. மறுநாளிலிருந்து எங்கள் வண்டி போன தெருவெல்லாம் பிள்ளைகள் அதே பதில்களைக் கத்தினார்கள். பக்கத்து வீட்டம்மா கைப்பேசியில் காட்டிய அந்தக் காணொளியை என் மனைவி முழுதாகப் பார்த்தார். பிறகு என்னிடம், "அவர் கேக்கறது நியாயம்தான். ஆனா அத ஏன் என்கிட்ட கேக்கறாரு?" என்றார்.

5. பிறகு அவருக்குக் காய்ச்சல் கண்டது. தங்களுக்கு முன் இருந்த ஆணையர், அவர் படுத்துவிட்டால் அறிவிப்பு நின்றுவிடுமே என்று கவலைப்பட்டார். அறிவிப்பு முழுவதையும் பதிவு செய்து கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கச் சொன்னார். அலுவலகத்துக் கருவியில், எங்கள் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு, போர்வையால் தலையையும் மூடிக்கொண்டு அவர் பேசினார். காய்ச்சலிலும் இடைவெளிகளைச் சரியாக விட்டார். கடைசியில் "நன்றி" என்பதற்கு முன் மூச்சு வாங்குவது காதுள்ளவர்களுக்குக் கேட்கும்.

மருத்துவமனைக்குள் என்னை விடவில்லை. வாசலுக்கு எதிரே பூட்டிய மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மனைவி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது, வெளியே அந்தப் பதிவை ஏற்றிய குப்பை வண்டி அவர் குரலோடு வந்து நின்றது. "மருத்துவமனை வாசலில் உறவினர்கள் கூட வேண்டாம்" என்று சொன்னது. காவலர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய்விட்டேன், ஐயா. என் மனைவி சொன்ன எதையும் நான் மீறியதில்லை.

6. அவர் போன பிறகும் தேர்தல் கூட்டங்களில் அந்தக் குரலைப் போட்டுச் சிரிப்பு மூட்டுவது நிற்கவில்லை. தலைவரை நேரில் பார்த்து, என் மனைவி இறந்துவிட்டார், இனி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அடுத்த கூட்டத்திலும் பதிவு ஒலித்தது. ஆனால் இம்முறை சிரிப்பெல்லாம் முடிந்த பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "இந்தக் குரலுக்குச் சொந்தக்காரி இன்னைக்கு உயிரோட இல்ல. அவளக் கொன்னது யாரு?" என்று கேட்டார். கைத்தட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. நான் அவரிடம் சொல்லப் போனது ஒன்று, அவர் எடுத்துக்கொண்டது இன்னொன்று.

7. அவர் வென்று அமைச்சரானார். இப்போது புதுக் காய்ச்சல் வந்திருக்கிறது. "கையாலாகாதவன்தான் ஊரைப் பூட்டுவான்" என்று மேடைதோறும் சொன்னவர், ஊரைப் பூட்டும் ஆணையில் கையெழுத்திட்டிருக்கிறார். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால்தான் சில கஷ்டங்கள் தெரியும் போலிருக்கிறது. என் புகார், அவர் எந்தக் குரலைக் கேலி செய்து அங்கே போய் உட்கார்ந்தாரோ, அதே குரலை எடுத்துத் தெருவில் விட்டிருப்பதுதான்.

8. அதையும் உருப்படியாகச் செய்யவில்லை. நேரத்தை மிச்சப்படுத்த இடைவெளிகளையெல்லாம் வெட்டி எறிந்திருக்கிறார்கள். இப்போது ஒரு சொல்லின் முதுகில் இன்னொரு சொல் ஏறுகிறது, தெருவே இரைகிறது. தெளிவாகக் கேட்கும் ஒரே வாக்கியம், காலையில் கடை திறக்கலாம் என்பது. அது பழைய விதி. இப்போதைய ஆணைப்படி மாலையில்தான் திறக்க வேண்டும். அதை நம்பிக் காலையில் வந்த காய்கறி வண்டிக்காரரின் வண்டியைக் காவலர்கள் பறித்துக்கொண்டார்கள். அவர் நேராக என் கடை வாசலுக்கு வந்து, "உங்க வீட்டம்மாவ நம்பித்தானேய்யா வந்தேன்" என்றார். செத்த பிறகும் என் மனைவி திட்டு வாங்குகிறார்.

9. எனக்குப் பள்ளியில் படிக்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள். முதல் நாள் காலையில் அந்தக் குரல் கேட்டதும் தூக்கத்திலிருந்து எழுந்து வாசலுக்கு ஓடினாள். குப்பை வண்டியைப் பார்த்தாள். இப்போதெல்லாம் விடிவதற்கு முன்பே எழுந்து, ஜன்னல் இடுக்குகளில் துணியைத் திணித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறாள்.

10. நேற்று நேரில் வந்து முறையிட்டேன். கண்காணிப்பாளர் உட்காரச் சொல்லி அன்பாகத்தான் பேசினார். பதிவு அலுவலகக் கருவியில் செய்யப்பட்டதால் குரல் அலுவலகச் சொத்து என்றார். எனக்கு ஒரு நகல் கூடத் தர இயலாதாம். தவிர, மக்களுக்குப் பழக்கமான குரலாக இருப்பதால் அமைச்சர் அலுவலகமே அதைத்தான் விரும்பிக் கேட்டதாம். பழக்கமாக்கியவர் யார் என்று நான் கேட்கவில்லை.

11. ஆகவே நான் வேண்டுவது இதுதான். புதிய அறிவிப்பை மாண்புமிகு அமைச்சர் அவர்களே தம் குரலில் பேசட்டும். என் வண்டியையும் குழாய்களையும் வாடகையின்றித் தருகிறேன், நானே ஓட்டுகிறேன். அவர் என் பக்கத்து இருக்கையில், என் மனைவி உட்கார்ந்த இடத்தில் உட்காரட்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் எதிரொலி அடங்கும்வரை நிறுத்தட்டும். எங்கே நிறுத்துவது என்று நான் கைகாட்டுகிறேன். அந்த இடைவெளியில் ஜன்னல்களிலிருந்து வருவதை அவரும் காது கொடுத்துக் கேட்கட்டும். பதில் சொல்ல மக்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

பழைய பதிவை, வெட்டிய இடைவெளிகளையும் சேர்த்து, முழுதாக என்னிடம் ஒப்படைக்க ஆணையிட வேண்டுகிறேன். தங்களுக்கு அது ஓர் அறிவிப்பு, என்னிடம் அவள் குரல் வேறு எதிலும் இல்லை. ஊரையே வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, அவள் மட்டும் தெருத்தெருவாக அலைந்தாள். இன்னும் அலைகிறாள். போதும் ஐயா, அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இடம்: தங்கள் அலுவலக வாசல் பெஞ்சு
நாள்: இரண்டாம் ஊரடங்கின் முதல் வாரம், வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக இங்கேயே காத்திருக்கும்,
(கையொப்பம்)
மைக் செட்காரர்,
அறிவிப்பாளரின் கணவர்